முப்பத்தொன்பது சுற்று

கொண்டலாம்பட்டி பைபாஸுக்குப் பின்னால்
தகர ஷெட்டில்
அறுநூறு பேர் குப்புறக் கிடக்கிறார்கள்.
ஆணில் முந்நூறு, பெண்ணில் முந்நூறு.
பஞ்சு அடைத்தாயிற்று.
தாடிதான் இன்னும் வரவில்லை ஈரோட்டிலிருந்து.

ஆண்களுக்கு விரல் நீளத்தில் ஒரு வெள்ளைத் துணி,
ஓரத்தில் நீலக் கோடு.
"துண்டாக்கா இது?" என்றாள் ஷாகிரா.
தொழும்போது போர்த்துவது.
நான்கு முனையிலும் குஞ்சம்,
குஞ்சத்துக்கு முடிச்சு ஐந்து,
முடிச்சுகளுக்கு நடுவே சுற்று
ஏழு, எட்டு, பதினொன்று, பதின்மூன்று.
படம் போட்டு அனுப்பியிருந்தாள்
நெகாமா என்று கையெழுத்திடும் அம்மாள்.
கம்பளி நூலும் லினன் நூலும்
ஓர் உடையில் கலக்கக் கூடாது,
பொம்மைக்கே ஆனாலும்.
கலப்பில்லாத நூலைப் பார்த்தே
நாளாயிற்று எங்களுக்கு.

முதல் லாட்டில் நான் நாற்பது சுற்றினேன்.
திருட்டுப் புத்தி இல்லை, கொசுறுப் புத்தி.
மொய்க்கு நூற்றியொன்று எழுதிப் பழகிய கை,
முப்பத்தொன்பதில் நிற்க மாட்டேன் என்றது.

அப்படியே திரும்பி வந்தது.
அவர்கள் எழுத்துகளுக்கு எண் உண்டாம்.
கூட்டினால் 'அவன் ஒருவன்' என்று வருமாம்
முப்பத்தொன்பதில்.
ஒரு சுற்று கூடினால்
அவன் வேறு யாரோ.
கோதண்டம் நோட்டை விரித்து
என் கூலியில் பிடித்தம் எழுதினார்,
அதையும் எண்ணிப் பார்த்துத்தான் எழுதினார்.

கையில் கொடுக்க வெள்ளிக் கிண்ணம் வேண்டுமென்றார்கள்,
திராட்சை ரசத்துக்கு.
சிவதாபுரம் கொலுசுப் பட்டறையில்
சலங்கையை அறுத்து
உள்ளிருந்த முத்தை எடுத்துக் கவிழ்த்தார்கள்.
கிண்ணம்.
சத்தம் போனால் எல்லாமே கிண்ணம்தான் போல.

மூக்கில் ஒரு தையல் விட்டுவிடு என்றும் இருந்தது.
குறையில்லாத முகம் உருவமாகிவிடும்,
உருவத்தை யாராவது கும்பிட்டுவிடுவார்கள் என்று
சில வீடுகளில் பயமாம்.
ஆடி மாதம் மாரியம்மனுக்கு
வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துகிறவள் நான்.
கண் திறந்தால் சாமி, திறக்காதவரை கல்.
எங்கள் பயம் கண்ணில் இருக்கிறது,
அவர்களுடையது மூக்கில்.
விட்டேன் ஒரு தையல்.
அறுநூறு பேருக்கும்
அதே இடத்தில் மூச்சு போய் வர ஓர் ஓட்டை.

பெண்கள்தான் என்னைத் தூங்கவிடவில்லை.
மெழுகுவர்த்தி இரண்டை ஏற்றிவிட்டு
இரு கையாலும் முகத்தை மூடிக்கொள்கிறாள்.
நாங்கள் கற்பூரத்தைத் தொட்டு
கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.
இவள் ஏற்றிய வெளிச்சத்தை
உடனே பார்க்க மாட்டாளாம்.
"கை மேல வந்துருது, கண்ணு எதுக்கு?
மூணு நிமிசம் மிச்சம்," என்றார் கோதண்டம்.
கண்ணில்லாமல் முந்நூறு பெண்கள்.

வியாழன் இரவு கரண்ட் போனது.
தெருவின் தறிகளெல்லாம் ஒன்றாய் நின்றன.
முழங்கை எப்படி மடியும் என்று பார்க்கத்தான்
மெழுகுவர்த்தி முன்னால் முகத்தை மூடினேன்.
உள்ளங்கைக்குள்
இமை துடித்தது, ஈ மாட்டினாற்போல.
விரலிடுக்கு சிவந்திருந்தது.
என்ன சொல்லுவார்கள் இந்த நேரத்தில், தெரியாது.
எனக்குத் தோன்றியது பிள்ளையின் ஹாஸ்டல் ஃபீஸ்.
கையை எடுத்தேன்.
அதே மெழுகுவர்த்தி.
இருந்தாலும், இப்போதுதான் யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல.

மறுநாள் ஒவ்வொருத்திக்கும்
கறுப்பு நூலில் இரண்டு வளைவு தைத்து
அதன்மேல் கையைத் தைத்தேன்.
யாருக்கும் தெரியாது. கூலியும் இல்லை.
இந்தக் கொசுறை எந்த அம்மாளும்
எண்ணித் திருப்பியனுப்ப முடியாது.

"மூடின கண்ணா, தொறந்த கண்ணா?"
ஷாகிராதான் கேட்டாள்.
மூடின கண்தான்.
ஒருத்திக்கு மட்டும், அவசரத்திலோ என்னவோ,
திறந்து தைத்துவிட்டேன்.
பெட்டிகளைப் பிரித்துத் தேட நேரமில்லை.
தூத்துக்குடி லாரி
இந்நேரம் நாமக்கல் தாண்டியிருக்கும்.